நல்ல கணினிக்கு நாள் குறிப்பது யார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. உலகில் ஓடும் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்த நேரத்தில் விண்டோஸ் 10-இல்தான் இருந்தன என்கிறது ஸ்டாட்கவுன்டர் கணக்கு. அவற்றில் ஒரு பகுதி விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு அந்த வழி இல்லை. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பிராசஸர், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இல்லை. இப்படிப்பட்ட கணினிகள் 24 கோடி வரை குப்பைக்குப் போகக்கூடும் என்று சந்தை ஆய்வு நிறுவனமான கேனலிஸ் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

இதைக் கேள்வி கேட்பவர்களுக்குச் சொல்லப்படும் பதில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பத்து வருஷம் இலவசமாகக் கொடுத்தாயிற்று, இன்னும் எத்தனை நாள் கொடுப்பார்கள்? பழைய வன்பொருளைக் கட்டிக்கொண்டு அழுதால் பாதுகாப்பு எப்படி வரும்? வேண்டுமென்றே பழசாக்குகிறார்கள் என்பதெல்லாம் சதிக்கதை. பிடிக்காவிட்டால் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்பம் என்றால் பழையன கழிவது இயல்பு. கணினி படித்தவர்களே இப்படிப் பேசுவதால் கேட்பவர்கள் அடங்கிப்போகிறார்கள். அடங்க வேண்டியதில்லை. இந்தப் பதிலில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் மறுக்க முடியும், பலவற்றை மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணங்களை வைத்தே.

முதலில் அந்தப் பத்து வருஷம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதிலிருந்து எண்ணினால் பத்து வருஷம் வருகிறது, உண்மைதான். ஆனால் மக்கள் வாங்கியது கணினியை. கணினியின் வயதை அது கடையில் விற்ற நாளிலிருந்து எண்ணுவதுதான் நியாயம். மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து 2018 அக்டோபரில் அறிமுகப்படுத்திய சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியின் தொடக்க விலை 3,499 டாலர். அதன் உள்ளே இருந்தது இன்டெல்லின் ஏழாம் தலைமுறை பிராசஸர், கோர் ஐ7-7820ஹெச்கியூ. விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்ட 2021 ஜூன் மாதத்திலும் அந்தக் கணினி விற்பனையில் இருந்தது. விண்டோஸ் 10 உரிமத்தையோ, மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்தில் 2023 ஜனவரி 31 வரை விற்றது. கடைசி நாளில் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டு வருஷம் எட்டரை மாதம். பத்து வருஷம் என்பது விண்டோஸ் 10-இன் ஆயுள். வாங்கியவருக்குக் கிடைத்த ஆயுள் அது அல்ல.

கொடுத்த வாக்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கருவி விண்டோஸ் 10-க்கு மாறிவிட்டால், அந்தக் கருவியின் ஆதரவு ஆயுட்காலம் முழுக்க அதைக் கட்டணமில்லாமல் புதுப்பித்துத் தருவோம் என்று 2015 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே வருஷம் மே மாதம், விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் மேடையில் சொன்னார். உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. நிறுவனம் அதை மறுக்கவில்லை.

அடுத்தது பாதுகாப்பு. இந்த விவாதத்தில் எல்லோரையும் வாயடைக்க வைப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சங்களில் அதிகம் பேசப்படுவது டிபிஎம் 2.0 என்ற சிப். குறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் சிறு பாகம் அது. பழைய கணினிகளில் அது கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2016 ஜூலை மாதத்திலிருந்தே புதிய விண்டோஸ் 10 கணினிகளில் டிபிஎம் 2.0 இருந்தாக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு விதி போட்டது மைக்ரோசாஃப்ட்தான். அதனால் 2017-இல் வந்த அலுவலக மடிக்கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 உண்டு, செக்யூர் பூட் உண்டு, எட்டு ஜிபி ரேமும் உண்டு. இத்தனையும் இருந்தும் அவை நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் பிராசஸர் பட்டியல். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்கு முந்தையவை ஏறத்தாழ எல்லாமே வெளியே.

பட்டியலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு. தீய நிரல்கள் இயங்குதளத்தின் கருவுக்குள் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். வேகம் குறையாமல் இதை ஓட்ட வேண்டுமானால் பிராசஸருக்குள்ளேயே ஒரு வசதி இருப்பது நல்லது. அந்த வசதி எந்தப் பிராசஸர்களில் இருக்கிறது என்று மைக்ரோசாஃப்டின் தொழில்நுட்ப ஆவணமே சொல்கிறது: இன்டெல்லில் கேபி லேக் முதல், ஏஎம்டியில் ஸென் 2 முதல். கேபி லேக் என்பது ஏழாம் தலைமுறை. அதில் வசதி இருக்கிறது, பட்டியலில் இடம் இல்லை. ரைசன் 2000 வரிசை ஸென் 2-க்கு முந்தையது. அதில் வசதி இல்லை, பட்டியலில் இடம் இருக்கிறது. பாதுகாப்புதான் அளவுகோல் என்றால் இந்த இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும்.

வேகத்தை அளவுகோலாக வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7-7700கே பிராசஸருக்கு நான்கு கோர், எட்டு த்ரெட், 4.2 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். இன்றைக்கும் அதில் படம் எடிட் செய்யலாம். அது பட்டியலில் இல்லை. மலிவு மடிக்கணினிகளில் வரும் செலரான் என்4020-க்கு இரண்டே கோர், 1.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறுகிற சிப் அது. அது பட்டியலில் இருக்கிறது.

சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ன ஆயிற்று? ஏழாம் தலைமுறை சிப் கொண்ட அந்தக் கணினியும் விதிப்படி வெளியே போயிருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் கடைசியில் மைக்ரோசாஃப்ட் பட்டியலைத் திருத்தியது. ஏழாம் தலைமுறையிலிருந்து சேர்க்கப்பட்டவை மிகச் சில. உயர்விலைக் கோர் எக்ஸ் வரிசை, பணிநிலையங்களுக்கான ஸியான் டபிள்யூ வரிசை, இவற்றோடு இந்த 7820ஹெச்கியூ. அதிலும் 7820ஹெச்கியூ இருக்கும் எல்லாக் கணினிக்கும் அனுமதி இல்லை, புதுவகை டிரைவர்களோடு வந்த குறிப்பிட்ட கருவிகளுக்கு மட்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்பை வேறு நிறுவனத்தின் மடிக்கணினியில் வைத்திருந்தவர் வாசலிலேயே நின்றார். இது ஒன்றே போதும், எல்லையை வரைந்தது சிலிக்கான் அல்ல என்று காட்ட.

பட்டியலை நியாயப்படுத்த ஒரு புள்ளிவிவரமும் அப்போது தரப்பட்டது. தகுதியுள்ள கணினிகளில் 99.8 சதவீதம் முடங்காமல் ஓடின, தகுதியில்லாதவற்றில் கருநிலை முடக்கம் 52 சதவீதம் அதிகம் என்றார்கள். 52 என்ற எண் மிரட்டுகிறது. ஆனால் முதல் எண்ணைக் கழித்துப் பார்த்தால் முடக்கம் என்பதே 0.2 சதவீதம். இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை என்று கொண்டால், 52 சதவீதம் கூடினாலும் 0.3 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். தகுதியில்லாத கணினிகளிலும் ஆயிரத்தில் 997 நன்றாக ஓடியிருக்கின்றன என்றுதான் இதற்குப் பொருள்.

பழைய மென்பொருளைக் காலமெல்லாம் பராமரிக்கச் செலவாகும், அதை யார் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. கேள்வி நியாயமானது. திருத்தம் எழுதுபவர்களுக்குச் சம்பளம் வேண்டும், ஆயிரம் வகை வன்பொருளில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் விண்டோஸ் 10 விஷயத்தில் அந்த வேலை நிற்கவே இல்லை. கட்டணம் கட்டும் நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள், அதாவது 2028 அக்டோபர் வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. தொழிற்சாலைக் கருவிகளுக்கும் பில் போடும் இயந்திரங்களுக்குமான விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தம் வரும். திருத்தத்தை எழுதியாகிறது, சோதித்தாகிறது, அனுப்பவும் செய்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு மட்டும் கதவு சீக்கிரமே மூடுகிறது.

வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு. விலை 30 டாலர். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டபிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் அந்தச் சேமிப்பு நிபந்தனையும் கட்டணமும் இல்லாமல் தர நிறுவனம் இறங்கிவந்தது. ஒரே ஃபைல், ஒரே பிழைக்கான மருந்து. பாரிஸில் ஒரு விதி, மதுரையில் வேறு விதி. செலவைத் தாங்க முடியவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் நிகர லாபம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது.

திருத்தத்தை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? பழைய கணினி வைத்திருப்பவருக்கு மட்டும் என்று நினைப்பதும் தவறு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் வரை தள்ளிப்போயின. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தத்தை வெளியிட்டது. தனிக் கட்டணம் செலுத்திவந்த வாடிக்கையாளர்களுக்காக எக்ஸ்பி திருத்தங்கள் தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. பொதுமக்கள் கைக்கு வர ஒரு பேரழிவு தேவைப்பட்டது. அந்தத் தாக்குதலில் அதிகம் அடிபட்டவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, திருத்தம் போடாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகள் என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் இதே பாடத்தைத்தான் தருகிறது. திருத்தம் இல்லாத கணினி பெருகப் பெருக, தொற்று பரவ இடம் கூடுகிறது. புதுக் கணினி வைத்திருப்பவரின் வங்கியும் மருத்துவமனையும் அதே வலைப்பின்னலில்தான் இருக்கின்றன. கோடிக்கணக்கான கணினிகளைத் திருத்தம் இல்லாமல் விட்டுவிட்டு, பாதுகாப்புக்காகவே இதைச் செய்தோம் என்று சொல்வதை ஏற்க முடியாது.

சதிக்கதை என்ற வார்த்தைக்கு வருவோம். பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பது வரலாற்றில் நடக்காத கற்பனை அல்ல. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடிய பல்பு உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக நிர்ணயித்தார்கள். அதற்கு முன் 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் சாதாரணம். அதிக நேரம் எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விழுந்தது. ஆவணங்கள் இருக்கின்றன.

ஆனால் கணினி விஷயத்தில் அப்படி ஒரு இரகசியக் கூட்டத்தை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபி என்று கேட்பதே விவாதத்தைத் திசைதிருப்புகிறது. நோக்கம் எதுவானாலும் விளைவு கண் முன்னால் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி தேய்ந்த ஐஃபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்தது ஆப்பிள். காரணம் தொழில்நுட்பரீதியில் உண்மையானதுதான். ஆனால் பயனாளரிடம் சொல்லவில்லை. ஃபோன் மெதுவாகிவிட்டது என்று பலர் புது ஃபோன் வாங்கினார்கள். பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. 2017 டிசம்பரில் விஷயம் வெளியானது. பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அது விதிக்கப்பட்டது சதிக்காக அல்ல, சொல்லாமல் விட்டதற்காக. நோக்கத்தைத் தோண்டாமலேயே பொறுப்பை நிர்ணயிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு சான்று குரோம்புக். அமெரிக்கப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் புழங்கும் இந்தக் கணினிகள் ஒவ்வொன்றுக்கும் கூகுள் ஒரு காலாவதித் தேதி வைத்திருந்தது. தேதி வந்ததும் திருத்தம் நின்றுவிடும். கொரோனா காலத்தில் மொத்தமாக வாங்கிய பள்ளிகள் விழித்துக்கொண்டன. 2023 ஏப்ரலில் பிஐஆர்ஜி என்ற நுகர்வோர் அமைப்பு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், பத்து வருஷம் திருத்தம் தருவோம் என்று கூகுள் அறிவித்தது. அந்த ஐந்து மாதத்தில் எந்தப் பள்ளியிலும் யாரும் மதர்போர்டை மாற்றவில்லை. முடியாது என்றிருந்தது முடிந்தது, கேட்டதால்.

இதையெல்லாம் சொன்னபிறகு, உண்மையான எல்லைகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு சில பிராசஸர் கட்டளைகளை எதிர்பார்க்கிறது. 2008-க்கு முந்தைய சிப்களில் அவை இல்லாததால் அது தொடங்கவே தொடங்காது. டெபியன் லினக்ஸ் தன் 2025 பதிப்பில் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. பராமரிக்க ஆள் இல்லை, சோதிக்க வன்பொருளும் அருகிவிட்டது. இவற்றை எதிர்த்து யாரும் கொடி பிடிக்கவில்லை. ஓடாத கணினியை ஓட்டச் சொல்லவில்லை. ஓடுகிற கணினியை நிறுத்துவதைத்தான் கேள்வி கேட்கிறோம். விண்டோஸ் 11-ஐப் பட்டியலில் இல்லாத கணினியில் நிறுவுவதற்கான ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை மைக்ரோசாஃப்டே 2021-இல் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருந்தது. 2025 தொடக்கத்தில் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டது.

லினக்ஸுக்கு மாறு என்பது நல்ல யோசனை. கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. நம்மூரிலேயே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உண்டு. ஆனால் டேலியில் கணக்கு எழுதும் மளிகை மொத்த வியாபாரியிடமும், பழைய பேஜ்மேக்கரில் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திடமும் போய் இதைச் சொல்ல முடியாது. டேலி விண்டோஸில்தான் ஓடும். இருபது வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. மாறுகிற உழைப்பு, பழகுகிற நேரம், இடையில் நிற்கும் வேலை எல்லாவற்றையும் காசு கொடுத்து உரிமம் வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு, வழி இருக்கிறதே என்பது சரியான பதில் அல்ல.

சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி விற்கும் கடைகளைப் பார்த்தால் இந்த எல்லை எங்கே உறைக்கிறது என்பது புரியும். ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்ட டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேடுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். மூடியில் நிறுவன ஸ்டிக்கரைச் சுரண்டிய பசைத் தடம் தெரியும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ரேமைக் கூட்டி, விசிறியைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவினால் இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓடும். இன்ஜினியரிங் சேரும் பிள்ளைக்குப் புதுசு வாங்க முடியாத வீடுகள் நம்பியிருப்பது இந்தக் கணினிகளை. இப்போது ஆறாம், ஏழாம் தலைமுறை என்றாலே வாங்குபவர் தயங்குகிறார். கணினியில் எதுவும் மாறவில்லை, மதிப்பு மட்டும் சரிந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் 50 லட்சத்துக்கும் மேல். அவற்றில் முதல் சில ஆண்டுகளில் கொடுத்தவை பெரும்பாலும் இந்த எல்லைக்கு வெளியே நிற்பவை.

வெளியே தள்ளப்படுபவை எங்கே போகின்றன? 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்கிறது ஐநாவின் அறிக்கை. மிச்சத்தில் ஒரு பகுதி டெல்லி சீலாம்பூருக்கும் உத்தரப்பிரதேச மொராதாபாதுக்கும் போகிறது. அங்கே சர்க்யூட் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறப்போட்டும் செம்பும் தங்கத் துணுக்கும் எடுக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் சிறுவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டவர்கள் இந்தச் செலவில் ஒரு பைசாவும் ஏற்கவில்லை.

சட்டமும் இந்தச் செலவை அவர்களிடம் கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகள் கருவியைத் தயாரிப்பவர் மீதும் இறக்குமதி செய்பவர் மீதும் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. கருவியைக் கழிவாக்கும் முடிவை எடுக்கும் மென்பொருள் நிறுவனம் அந்த வரையறைக்குள் வருவதில்லை. பழுதுநீக்க எளிமைக்கான குறியீடு ஒன்றை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025-இல் அறிக்கை தந்தது. மென்பொருள் புதுப்பிப்பையும் அது ஒரு அளவுகோலாக எடுத்துக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் அது பேசுவது ஃபோன், டேப்லெட் பற்றி மட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அமல்படுத்தியிருக்கும் விதியும் அவை இரண்டைப் பற்றியதுதான், என்றாலும் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதளப் புதுப்பிப்பு வேண்டும். அந்த ஐந்து வருஷத்தை அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்கு இந்த விதி பொருந்தியிருந்தால், எந்த விதிவிலக்கும் தேடாமலேயே அது 2025 அக்டோபரைத் தாண்டியிருக்கும். ஏழாம் தலைமுறை சிப்போடு விற்ற மற்றக் கணினிகளில் பலவும் தாண்டியிருக்கும்.

இந்தியக் குறியீட்டில் மடிக்கணினியையும் சேர்க்க வேண்டும், ஆண்டுகளை விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மாநில அரசு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம், வாரன்டி எத்தனை வருஷம் என்று பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கிறது. இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை இலவசமாக வரும் என்ற வரியையும் அதில் சேர்த்துவிடலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.